கலயத்துக்கு ஒரு சட்டம், கண்ணாடிக் குவளைக்கு ஒரு சட்டமா?

காலையில் செம்பூர் செட்டா நகர் முருகனைக் கும்பிட்டவன், அன்று மாலையே ஒரு பீர் திருவிழாவில் நின்றேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே பார்த்த ஒரு சின்னப் பலகை பல நாட்களாகியும் மனதை விட்டு அகலவில்லை.

அழைத்துப் போனவன் என் அண்ணன் மகன். தாராவி 90 அடி சாலையில் பிறந்து வளர்ந்தவன். இன்று அந்தேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. "சித்தப்பா, நம்ம ஊர்ல கள்ளு இறக்கின கதையெல்லாம் சொல்வீங்களே. இங்கே பீர் எப்படிக் காய்ச்சுறாங்கன்னு ஒரு தடவை வந்து பாருங்க" என்றான். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு என்ன வேலை? புறப்பட்டுவிட்டேன்.

ஒரு மைதானம். பந்தல். பாட்டுக் கச்சேரி. வாசலில் 21 வயது ஆனதற்குச் சான்று கேட்டார்கள். என் நரைத்த தலையைப் பார்த்து என்னை மட்டும் கேட்கவில்லை. உள்ளே வரிசையாகக் கடைகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பீர் ஆலையுடையது. பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் பாட்டிலில் அடைத்து அனுப்புகிறார்களே, அந்தச் சரக்கு அல்ல. ஒரு தடவைக்குச் சில நூறு லிட்டரோ, ஆயிரம் லிட்டரோ காய்ச்சி, அங்கேயே விற்கிற சரக்கு. புனேயில் 2009-ம் ஆண்டு 'டூலாலி' என்ற சிற்றாலை தொடங்கியது. பிறகு அது மும்பைக்கும் வந்தது. அதன் வழியே இன்னும் பலர் வந்தார்கள். டூலாலி என்ற பெயர்கூட நமக்குத் தெரிந்த ஊர்தான். நாசிக் போகும் ரயிலில் தேவ்லாலி ஸ்டேஷன் வருமே, அந்த தேவ்லாலி! வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ராணுவ முகாம் இருந்தது. ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த சிப்பாய்களுக்கு வெயிலிலும் வெறுமையிலும் புத்தி பேதலித்துப் போகுமாம். கிறுக்குப் பிடித்தவனைக் குறிக்க, அந்த ஊர்ப் பெயரையே ஆங்கிலேயர் கொச்சைச் சொல்லாக்கிக்கொண்டார்கள்.

நாலு சின்னக் குவளை

முழுக் குவளை வாங்க வேண்டியதில்லை. ருசி பார்க்க என்று கையடக்கமான சின்னக் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். நாலு வகை பார்த்தேன்.

முதலாவது கோதுமைப் பீர். மூக்கருகே கொண்டு போனதும் பழுத்த வாழைப்பழ வாசனை; பின்னால் கிராம்பு வாசனை. "வாழைப்பழம் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். ஒன்றும் போடவில்லையாம். புளிக்க வைக்கிற ஈஸ்ட் எந்த இனமோ, அதற்கேற்ற வாசனையாம். நம் வீட்டில் ஒரே அரிசி, ஒரே உளுந்தில் அரைத்த இட்லி மாவு, கை மாறினால் புளிப்பு மாறுகிறதில்லையா? அதுபோலத்தான்.

இரண்டாவது ஒரே கசப்பு. வேப்பம்பூ ரசம் குடித்துப் பழகியவனுக்கே முகம் சுளித்தது. அதற்கு 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர். இந்தப் பெயரில் நம் தேசம் வந்தது எப்படி? லண்டன் பக்கம் ஹாட்ஜ்சன் என்ற காய்ச்சுகாரர் இருந்தார். அவர் பீர் மாதக்கணக்கில் கப்பலில் ஆடிக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து இறங்கியது. வழியில் கெடாமல் இருக்க, கசப்புள்ள ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகச் சேர்த்த வகைகள்தான் இந்த வியாபாரத்தில் நின்றன. நம் துறைமுகத்தில் இறங்கி, துரைமார் குடித்த கசப்பு அது. மூட்டை சுமந்தவர்கள் வாயில் அது படவில்லை.

மூன்றாவது கன்னங்கரேல் என்று இருந்தது. மாட்டுங்காவில் காலை டிபனுக்குப் பின் குடிக்கிற காபியில் பாலைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? டிகாஷன்! அதே மணம், அதே கசப்பு. காபிக்கொட்டையை வறுப்பது போலவே பார்லியைக் கறுக வறுத்துக் காய்ச்சுவதால் வருகிற ருசியாம்.

நாலாவதில் கொங்கணக் கோகம் சேர்த்திருந்தார்கள். கூடவே உப்பு. மராத்திக்காரர் வீட்டில் சாப்பாட்டோடு சோல்கடி தருவார்களே, அந்த நினைவு வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். இந்த மண்ணில் விளைந்ததைச் சேர்த்திருக்கிறார்களே என்ற நிறைவு.

ஆனால் நான் சொல்ல வந்தது ருசியைப் பற்றி அல்ல, பலகையைப் பற்றி.

அந்தப் பலகை

ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகை. அதில் என்ன தானியம், எத்தனை சதவீதம் சாராயச் சத்து, எவ்வளவு கசப்பு, எந்த ஆலை, எல்லாம் எழுதியிருக்கிறது. கேட்டால் எந்தத் தேதியில் காய்ச்சியது என்றும் சொல்கிறார்கள். காய்ச்சியவரே எதிரில் நிற்கிறார். குடிக்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

அந்தப் பலகையைப் பார்த்தபோது என் அப்பா நினைவு வந்தது.

உடன்குடி வட்டாரத்தில் என் அப்பா பனையேறி. பங்குனி முதல் ஆடி வரை, விடியும் முன் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை மரம் ஏறுவார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியாகும். கள் சில மணி நேரத்தில் தானே புளித்து நுரைக்கும். நாலைந்து சதவீதச் சத்துதான். மறுநாள் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். பதுக்கவும் முடியாது, லாரியில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பவும் முடியாது.

அந்தக் கலயத்தை ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் உடைத்தார். அப்பா கை கட்டி நின்றார். எனக்கு அப்போது பத்து வயது. ஊரில் மதுவிலக்குச் சட்டம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருவிழாவில் பலகை எழுதி வைத்து, விளக்குப் போட்டு, பாட்டு வைத்துக் கொடுக்கிற சரக்கும் அதே நாலைந்து சதவீதம்தானே! தானியத்தில் புளித்தால் கலை. பாளையில் புளித்தால் குற்றமா?

குவளை கழுவிக்கொண்டிருந்த பையன் என் தமிழைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றான். அவன் சாத்தான்குளம் பக்கம். தாத்தா பனையேறி, அப்பா தாராவியில் தோல் பட்டறை, இவன் நாள் கூலிக்குக் குவளை கழுவுகிறான். நான் ருசி பார்த்த நாலு சின்னக் குவளைக்குக் கொடுத்த காசு, அவனுடைய ஒரு நாள் கூலிக்குச் சமம்.

கணக்குப் பார்ப்போம்

குமாஸ்தா புத்தி கணக்குப் பார்க்காமல் விடுமா? நான் குடித்த நாலு சின்னக் குவளை, தலா 90 மில்லி என்று வைத்தால் 360 மில்லி. 5 சதவீதம் சத்து என்றால் உள்ளே போன சாராயம் 18 மில்லி.

நம் ஆட்கள் வேலை முடிந்து வாங்குகிற 'குவாட்டர்' 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் சத்து 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி சாராயம். என்னுடைய நாலு குவளையைப் போல நாலு மடங்குக்கும் மேல்! அதையும் சாவகாசமாகக் குடிப்பதில்லை. கடை வாசலில் நின்று, தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி, இரண்டே மடக்கில் முடித்துவிட்டுப் போகிறான்.

ஏன்? ருசிக்காகவா? இல்லை. உடம்பு வலி மறக்க. குறைந்த காசில் அதிக போதை எது என்பதே அவன் தெரிந்துகொண்ட ஒரே கணக்கு. மெல்லிய சரக்கு விலை கூடி வசதி உள்ளவனுக்குப் போகிறது; கடுமையான சரக்கு மலிந்து ஏழைக்கு வருகிறது. நோயும் கடனும் அதே முகவரிக்குத்தான் வருகின்றன.

தாராவி மறக்கக் கூடாத கதை

இந்த நகரத்தில் மதுவிலக்கு என்ன செய்தது என்று நம்மை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? 1949-ம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்த காலம். 1950 முதல் மாகாணம் முழுவதும் விலக்கு. நோக்கம் நல்ல நோக்கம். குடி நின்றதா? மாகிம் கழிமுகத்துச் சதுப்பில் அடுப்பு எரிந்தது. டயர் டியூப்பில் சரக்குப் போனது. வீட்டுக்குள்ளேயே கடை வைத்த 'ஆண்டி'கள் பெருகினார்கள். கள்ளச்சாராயத்தில் பணம் சேர்த்து, ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருந்த பெரிய மனிதர்கள் உருவானார்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் கொடிகட்டிப் பறந்த வரதராஜ முதலியார் அந்தக் காலத்தின் பிள்ளைதான். 1987-ல் 'நாயகன்' படம் வந்தபோது நாம் கை தட்டினோம். ஆனால் தாராவித் தமிழன் என்றாலே போலீஸ் ஒரு மாதிரிப் பார்க்கிற நிலைமையையும் நாமே சுமந்தோம்.

1960-களிலும் 70-களிலும் விலக்கு தளர்ந்தது. சட்டம் மட்டும் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இன்றும் மகாராஷ்டிரத்தில் குடிப்பவன் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

விலக்கு தளர்ந்த பிறகாவது ஏழையின் குவளை சுத்தமானதா? 2004 டிசம்பரில் விக்ரோலியில் விஷச் சாராயம் 80 பேருக்கு மேல் பலி கொண்டது. 2015 ஜூனில் மலாடு மால்வணியில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கூலி வேலை செய்கிறவர்கள், ரிக்ஷா ஓட்டுகிறவர்கள். நம் தாய்நாட்டிலும் அதே கதை. 2023 மே மாதம் மரக்காணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அங்கே மட்டும் 60 பேருக்கு மேல். எல்லா இடத்திலும் எமன் ஒருவனே: மெத்தனால். வார்னிஷ், பெயிண்ட் தொழிலுக்குப் போகிற ஆலைச் சாராயம். நேர்மையாகப் புளித்த கள்ளிலோ பீரிலோ அது கொல்கிற அளவுக்கு வராது. திருடிக் கொண்டுவந்து கலக்கிறார்கள். நிறத்தில் தெரியாது, வாசனையிலும் தெரியாது. குடித்தவனுக்கு அன்றோ மறுநாளோ வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் வரும். கண் மங்கினால் "தூங்கினால் சரியாகும்" என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நேரத்தோடு போனால் மருந்து உண்டு.

மால்வணியில் செத்தவன் குடித்த சரக்குக்குப் பலகை இருந்ததா? காய்ச்சியவன் எதிரில் நின்றானா? அவன் என்ன குடித்தான் என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது!

ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1971-ல் விலக்கைத் தளர்த்தினார்கள். 1974-க்குள் திரும்ப மூடினார்கள். 1981-ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1-ம் தேதியோடு இரண்டும் மூடின. அன்று முதல் பனையேறி கள் இறக்கினால் குற்றவாளி. ஆனால் 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்தி, 42.8 சதவீதச் சரக்கை விற்கிறது. பனை நம் மாநில மரம். அந்த மரத்திலிருந்து இறங்கும் நாலு சதவீதம் கூடாது. ஆலையிலிருந்து வரும் நாற்பது சதவீதம் கூடும்! பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு.

"கள்ளில் கலப்படம் செய்கிறார்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்திலேயே தாடி-மாடிக் கடைகளில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கரைத்துக் கள் என்று விற்றுப் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் பாலில் கலப்படம் செய்தால் மாட்டைத் தடை செய்கிறோமா? பாலைச் சோதிக்கிறோம், கலந்தவனைப் பிடிக்கிறோம். மரம் எத்தனை, இறங்கிய கள் எத்தனை லிட்டர், விற்றது எத்தனை லிட்டர் என்று கணக்கு எழுத வைத்தால், கலப்படம் கணக்கிலேயே பிடிபடும்.

"மலிவாகக் கொடுத்தால் இன்னும் குடிப்பானே" என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. லேபர் கேம்பில் குடித்தனம் இருந்த நாட்களில், சம்பள நாள் ராத்திரி எத்தனை வீட்டில் பாத்திரம் உருண்டது என்று காதால் கேட்டவன் நான். அதனால் தெருவுக்குத் தெரு கடை திற என்று நான் சொல்லவில்லை. குடிக்காதவன் குடிக்கத் தொடங்க வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நான் கேட்பது இவ்வளவுதான்: கடுமையான சரக்குக் கடைகள் குறையட்டும், அந்த இடத்தில் மெல்லிய, நேர்மையான, சோதித்த சரக்கு இருக்கட்டும்.

குடிப்பவனுக்கும் உரிமை உண்டு

ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ம் ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. விலையும் இன்னதற்கு மேல் போகக் கூடாது என்று. ஐந்நூறு வருடத்துக்கு முன்பே அங்கே குடிப்பவனுக்குச் சட்டம் காவலாக நின்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த நாலு சாதாரண மனிதர்கள் 1971-ல் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் பழைய முறைப் பீரை அழிக்கின்றன என்பது அவர்கள் புகார். 1977 முதல் அந்தச் சங்கமே பெரிய பீர் திருவிழாவும் நடத்தியது. அங்கே விழா பிறந்ததே ஒரு கிளர்ச்சியிலிருந்துதான். வாங்குகிறவன் வாய் திறந்து கேட்டதால் வந்தது அது.

நாம் எதற்கும் சங்கம் வைப்பவர்கள். ஊருக்கு ஒரு சங்கம், கோயிலுக்கு ஒரு கமிட்டி, நடிகருக்கு ஒரு மன்றம். ஏழையின் குவளையில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு சங்கம் உண்டா?

மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நாட்டுச் சரக்குக் கடை ஒவ்வொன்றிலும், அந்தத் திருவிழாவில் பார்த்தது போலவே, என்ன சரக்கு, எத்தனை சதவீதம், எந்த ஆலை, எந்தத் தேதி என்று பலகை வேண்டும். மராத்தியோடு இந்தியிலும், நம்மவர் வாழும் இடங்களில் தமிழிலும் எழுத வேண்டும். அடுத்து, தமிழ்நாடு அரசு பனையேறியின் மேலுள்ள குற்றவாளிப் பட்டத்தை நீக்கி, உரிமமும் சோதனையும் கொடுத்துக் கள்ளை முறைப்படுத்த வேண்டும். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. தாராவியிலும் செம்பூரிலும் ஆண்டு விழா நடத்தும் சங்கங்கள், பட்டிமன்றத்துக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, மெத்தனால் என்றால் என்ன, குவாட்டரில் எவ்வளவு சத்து என்று பேச வைக்கலாம். அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் மகன் கேட்டான்: "எப்படி இருந்தது சித்தப்பா?"

"நல்லாத்தான்லே இருந்தது. ஆனா உங்க தாத்தா கலயத்துக்கும் ஒரு பலகை மாட்டியிருந்தா, இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.